மேசைக்குப் பரிசம் போட்டது யார்?

எபெபியின் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பெர்பெத்துவா அயாங் ஒன்றாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க வந்து இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. ஒரே அறையில் அறுபத்தெட்டுப் பிள்ளைகள். வீட்டில் ஃபாங் மொழியைத் தவிர வேறு பேச்சுக் கேட்டறியாதவர்கள். கத்திக் கத்தி அவள் தொண்டை கரகரத்துப்போயிருந்தது. முழங்காலில் வீக்கம் வேறு. தங்கையும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கும் பாட்டா நகரத்துக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிப்போட்டாள். ஆய்வாளர் வந்து வகுப்பைப் பார்த்த பிறகுதான் முடிவு என்று இந்த முறை பதில் வந்தது.

ஆய்வாளர் தோன் எவாரிஸ்தோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அன்றைக்கென்று பாடம் ஆண்பால், பெண்பால். ஸ்பானிஷில் சட்டி பானைக்குக்கூடப் பால் உண்டே!

"கத்தி ஆம்பளை. மேசை பொம்பளை. எங்கே, எல்லாரும் சொல்லுங்க!"

பள்ளி திறந்து ஐந்து மாதமாய் ஒரு ஸ்பானிஷ் சொல்லும் சொல்லாத ஓயானா என்ற சிறுமி கையைத் தூக்கினாள். ஃபாங்கில் கேட்டாள்:

"டீச்சர், மேசை பொம்பளைன்னா அவளுக்குப் பரிசம் யாரு போட்டா?"

"கத்திதான் போட்டிருப்பான்! எந்நேரமும் அவ வீட்டுலதானே கிடக்கான்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பெர்பெத்துவாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளும் ஃபாங்கிலேயே சொன்னாள்: "பரிசம் போட ஆளே வரலடி. அதான் இன்னும் பள்ளிக்கூடத்துலயே நிக்கிறா. சரி, நீ அவளை ஸ்பானிஷ்ல கூப்பிடு பார்ப்போம்."

"லா மேசா" என்றாள் ஓயானா, மெதுவாக.

மணி அடித்ததும் ஆய்வாளர் பெர்பெத்துவாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"வகுப்புல ஃபாங் பேசக்கூடாதுன்னு விதி இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் தோன் எவாரிஸ்தோ. அந்தப் பிள்ளை இன்னைக்குத்தான் வாயத் திறந்தா..."

"அதையெல்லாம் எழுத என் நோட்டுல இடம் இல்லம்மா." இதை அவர் சொன்னதும் ஃபாங்கில்தான். அதைச் சுட்டிக்காட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஈஸ்டர் கழிந்து கடிதம் வந்தது. மாற்றல் இல்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, திரும்பவும் இல்லன்னுட்டாங்களா? நீ அழுதுறாதே."

"அழறதுக்கும் தெம்பு வேணும்டி. நாளைக்குப் புதுப் பாடம். படம் வரையணும், வச்சிடட்டுமா?"

மறுநாள் தலைமையாசிரியர் அறையிலிருந்து கைவைத்த நாற்காலியை இழுத்துவந்து பிள்ளைகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இருபத்தோரு வருஷமாக நின்றே பாடம் நடத்தியவள். கரும்பலகையை அவள் பக்கம் நகர்த்தி வைக்க நாலு பிள்ளைகள் முட்டிமோதினார்கள். தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். நாற்காலியை அவளிடமே விட்டுப் போனார்.