ஒரே அடுப்புச் சாம்பல்

வாளியின் விளிம்பில் 'கறுக்' என்று சத்தம் கேட்டதும் தோர்கில் பொக்லைனை அணைத்துவிடுவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். லிம்ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரையில் அந்நேரம் மூடுபனி மட்டுமே நடமாடும். "சத்தம் போடாதீங்க, கீழ ஆள் இருக்காங்க," என்பார். அந்த ஆட்கள் போய்ச் சேர்ந்து ஆறாயிரம் வருடம் ஆகிறது.

அகழாய்வுக்காரர்களுக்கு மேல்மண்ணை வழித்துக் கொடுப்பது அவர் தொழில். பல்லில்லாத அகன்ற வாளியை வைத்துக்கொண்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற பதத்தில் மண்ணை எடுப்பார். பண்டிதர்கள் வைத்த பெயரெல்லாம் அவர் வாயில் நுழையாது. அவருக்கு எல்லோரும் குடித்தனக்காரர்கள்தான். அடியில் ஆளிச் சிப்பி தின்று ஓட்டைக் குவித்தவர்கள். அதன்மேல் மாடும் கோதுமையுமாக வந்த புனல்வாய்ப் பானைக்காரர்கள். பிறகு கோடரியோடு ஆளுக்கொரு புதைகுழியில் படுத்தவர்கள். அதற்கும் பிறகு வெண்கலக்காரர்கள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பலம் என்கிற கதைதான்.

"பின்னாடி வந்தவன் முன்னாடி இருந்தவனைத் துரத்திட்டுத்தான் உக்காந்தானா?" இதை அவர் கேட்காத ஆய்வாளர் இல்லை. கேட்பதற்குக் காரணம் உண்டு.

பதினோரு வருடமாக அவர் ரிக்மோரோடு அவள் வீட்டில் இருக்கிறார். அவள் கணவன் கிரெஸ்டன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன். சமையலறைச் சுவரில் மூன்று கொக்கிகள். ஒன்றில் அவள் கோப்பை, ஒன்றில் கிரெஸ்டனின் நீலக் கோப்பை, ஒன்று காலி. தோர்கில் வீட்டிலும் காது வைத்த பிளாஸ்க் மூடியில்தான் காப்பி குடிப்பார். குடித்துக் கழுவி, வண்டியிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். போதாததற்குப் பக்கத்து ஊரில் ஒரு வாடகை அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பழைய கோட்டு. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். போன ஞாயிறு ரிக்மோர் சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணு, இல்ல இங்கேருந்து காலி பண்ணு. எனக்கு வேணுங்கிறது மனுஷன். லாட்ஜுக்கு வந்து போற ஆள் இல்ல." நியாயமான கோபம்தான். அவளை விட்டுப் போக அவருக்கும் மனசில்லை. ஆனால் அந்த நீலக் கோப்பையைப் பார்த்ததும் பிளாஸ்க் மூடியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளத்துக்குள்ளிருந்து லெர்கெ கூப்பிட்டாள். ஆய்வுக்குழுத் தலைவி; அவருக்கு மகள் வயது.

"தோர்கில், இறங்கி வா! உன் குடித்தனக்காரங்க ரெண்டு பேர் ஒண்ணா மாட்டியிருக்காங்க."

பள்ளத்துச் சுவரில் கீழே ஆளி ஓடுகள், மேலே மட்டி ஓடுகள், நடுவில் கருஞ்சாம்பல். சாம்பலுக்குள் சிப்பி தின்ற பழையவர்களின் அடி கூர்ந்த பானைத் துண்டு ஒன்று. ஒரு சாண் தள்ளி, பின்னே வந்தவர்களின் புனல்வாய்ப் பானைக் கழுத்து.

"நடுவுல மண்ணு இருக்கா?"

"ஒரு இழைகூட இல்ல. அடுப்பு அணைஞ்சு கிடந்த மாதிரியே தெரியல."

"அப்போ துரத்தல?"

"யப்பா, ஊர் முழுக்க என்ன நடந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? இந்த அடுப்புல ரெண்டு பானையும் வெந்திருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அது போதும்."

தோர்கில் சாம்பலருகே குந்தினார். பனிக்குள் புகை வாசம் வந்தது போலிருந்தது. அடுப்பருகே ஒருத்தி. வந்தவன் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான். அவள் தன் பானையைக் கொஞ்சம் நகர்த்துகிறாள், எடுத்துவிடவில்லை. மீன் வேகிறது. மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

மாலை அவர் உள்ளே நுழைந்தபோது ரிக்மோர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்றாள், திரும்பாமலே.

தோர்கில் குழாயைத் திறந்து பிளாஸ்க் மூடியைக் கழுவினார். சட்டையிலேயே துடைத்தார். பிறகு அதன் காதைப் பிடித்து, நீலக் கோப்பைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கொக்கியில் மாட்டினார்.