மாட்டாமல் விட்ட மோடம்

வில்கானியா என்ற சிற்றூருக்கு வடக்கே ஆட்டுப்பண்ணை வைத்திருந்த டெஸ்மண்ட் பென்ராஸுக்குக் கம்பளி விலையைவிடத் தன் கணினியின் கெர்னலைப் பற்றித்தான் கவலை அதிகம். அந்த அடிப்படை நிரலை வந்தபடியே வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மூல நிரலிலிருந்து தானே கம்பைல் செய்து கட்டுவார். அது முடியும்வரை அந்தக் கிழட்டு மெஷின் பாதி நாள் முனகும்.

"என்னய்யா, புள்ள பொறந்துடுச்சா?" என்பாள் மனைவி வின்னி.

"பொறந்துடுச்சு. போன தடவையவிடப் பாதி எடைதான்."

"அப்படியே உன் தொப்பையையும் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா, கிழவா?"

அந்த மார்ச்சில் ஒரு படி மேலே போனார். அந்த நேரத்தில் கணினியில் மாட்டியிருக்கும் கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடும் கட்டளை ஒன்று உண்டு. அதை ஓட்டினார். புதுக் கெர்னல் ஜோராக எழுந்தது. இடத்தை அடைக்கிறதென்று பழைய கெர்னலையும், கம்பைல் செய்த மிச்சங்களையும் துடைத்துப் போட்டார். பழையது ஒன்று எப்போதும் இருக்கட்டும் என்று இணையத்தில் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

அலமாரியின் மேலிருந்த செயற்கைக்கோள் மோடம் அவர் நினைவுக்கு வரவில்லை. செல்போன் டவர் செத்தால்தான் அதை இறக்கி மாட்டுவார்கள்.

ஏப்ரல் மழையில் டவர் செத்தது. கரிசல் பாதை களியாகி வண்டி நகர வழியில்லை. மறுநாள் காலை கோழிக்கூண்டில் வின்னியின் காலில் கொடிய விஷமுள்ள பழுப்புப் பாம்பு கடித்தது.

கால் முழுக்க இறுக்கிக் கட்டி, கணினிக்குப் பக்கத்திலேயே அவளைப் படுக்கவைத்துவிட்டு, உதவிக்கு அழைக்க டெஸ்மண்ட் மோடத்தை மாட்டினார். விளக்கு எரிந்தது. கணினி கண்டுகொள்ளவே இல்லை.

"என்னாச்சு?"

"டிரைவர் இல்ல. நான்தான் எடுத்துட்டேன்."

"அப்ப திரும்பப் போடு. நான் எங்க ஓடிரப்போறேன்?"

டிரைவரைச் சேர்த்துக் கம்பைலை ஆரம்பித்தார். பழைய மிச்சங்களைத் துடைத்துவிட்டதால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். திரையில் வரிகள் ஊர்ந்தன.

"இதுக்கு ஆடு சீக்கிரமா குட்டி போட்டுரும்."

"பேசாத வின்னி. அசையாத."

"நடுங்குறது நீதான்யா. டெஸ்... உன் மூஞ்சி ரெண்டா தெரியுது."

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. வரிகள் ஊர்ந்துகொண்டே இருந்தன.

கடைசியில் புதுக் கெர்னல் எழுந்தது. மோடம் ஒரு பிசிறும் இல்லாமல் இணைந்தது. அவசர உதவி எண்ணின் மறுமுனையில் ஒரு பெண் முகவரியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "மூச்சு இருக்கா?"

வின்னியின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார்.

"இல்ல."

"நெஞ்சுல அமுக்குங்க. நிறுத்தாதீங்க. ஆள் கிளம்பியாச்சு."

ஹெலிகாப்டர் முற்றத்தில் இறங்கியபோதும் டெஸ்மண்ட் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். நர்ஸ் வந்து அவர் கைகளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.