சக்கரபாணியைத் தூக்கிய கயிறு

என் தங்கச்சி புருஷன் சக்கரபாணிக்குக் கம்மாபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து கான்ட்ராக்ட் கூலி. சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற ஹோஸை இழுக்கும் வேலை, என்னோடுதான். என்றாவது பர்மனென்ட் ஆவோம் என்று அவன் நம்பினான். நான் நம்பவில்லை.

சேற்றில் ஹோஸ் இழுக்கும்போது கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். கை வழுக்கினாலும் உடம்பு தாங்கும்.

போன மாசியில் வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆகாயக் கப்பல் கொண்டுவந்தது. வாயு அடைத்த நீளமான பலூன், அடியில் இரண்டு எஞ்சின், ஓட்ட ஒரு ஆள். மேலேயிருந்து சுரங்கத்தைப் படம் பிடிக்கவாம். இறங்கும்போது அதிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து நிறுத்த எங்களை அனுப்பினார்கள். உடம்பில் சுற்றாதே என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

"இன்னா மாப்ள, கன்னுக்குட்டி புடிக்கிறாப்ல நிக்கிற?"

"நல்லா புடிச்சாதான் சூப்பர்வைசர் கண்ணுல படும் மச்சான். நீ வேடிக்க பாத்துக்கினு நில்லு."

கயிறு கைக்கு வந்த நேரம், ஒரு எஞ்சின் கரகரத்து நின்றது. இன்னொன்று கப்பலைத் திருப்பிவிட, காற்று அடியில் புகுந்து மேலே தூக்கியது.

"வுடுங்கடா!" என்று கத்தினேன். எல்லாரும் விட்டோம். சக்கரபாணி வழக்கம்போல் சுற்றியிருந்த கயிறு இடுப்பில் இறுகிக் கிடந்தது. பனைமர உயரம் போய், சுற்று அவிழ்ந்து மண்மேட்டில் விழுந்தான். கப்பல் முந்திரித் தோப்பில் சிக்கிக் கிழிந்தது. ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. கப்பலைப் படமெடுக்க வந்திருந்த டிவிக்காரர்கள் அங்கேதான் ஓடினார்கள்.

சக்கரபாணிக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்றார் டாக்டர்.

சூப்பர்வைசர் ஜெயகணேஷ் வீட்டுக்கு வந்தார். தெற்கத்திக்காரர்.

"கயித்த எதுக்குண்ணே இடுப்புல சுத்துனீங்க? ஒங்க தப்புன்னு மேல சொல்லிட்டாக. கேட் பாஸக் குடுத்துருங்க."

"அதுவும் பூட்டா இந்த வூட்ல இன்னாங்க இருக்குது?" என்றாள் என் தங்கச்சி ஆதிலட்சுமி.

படுத்தபடியே சக்கரபாணி கழுத்திலிருந்த பாஸைக் கழற்றினான். "குடும்மே. சாரக் கோவப்படுத்தாத. எழுந்து வந்தப்புறம் பர்மனென்டுக்கு அவருதான சொல்லணும்?"

ஜெயகணேஷ் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். வாசலில் வண்டியை எடுக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த எடத்துக்கு ஒங்க ஊர்ல ஆள் இருக்காண்ணே?"

இருக்கிறார்கள் என்றேன். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.