மழையில் நின்ற ராணி

எங்கள் பாடசாலையின் நூலகம் என்பது அதிபர் அறைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மர அலுமாரி. அதன் சாவி, பொறுப்பாசிரியையின் கைப்பையில் சீப்போடும் தலைவலித் தைல டப்பியோடும் கிடக்கும். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் கொழும்பிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அந்த அலுமாரிக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பிவைத்தார். எல்லாமே சாதித்த பெண்களைப் பற்றியவை. குதிரையேறிப் போருக்குப் போன ராணி, விமானம் ஓட்டியவள், பனிமலை ஏறியவள், ஊரே எதிர்த்தும் வைத்தியம் படித்தவள். அட்டைப் படங்களில் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்று தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பொகவந்தலாவைத் தேயிலை மலைப் பக்கம் அப்படி நின்று பார்த்தால் பனிமூட்டம்தான் தெரியும்.

புத்தகங்களை மாணவர்கள் மட்டுமே இரவல் எடுக்கலாம். ஆகவே எடுத்தது நான், வாசித்தது அம்மா. எட்டாம் வகுப்போடு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவள் அவள். எழுத்து மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. மாலையில் வந்ததும் மழைக்கும் முள்ளுக்கும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை ஈரத்தோடு அவிழ்த்து அடுப்புக்கு மேலே கொடியில் போடுவாள், உலை வைப்பாள், அடுப்பு வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரிப்பாள். "மகாராணிக்குச் சோறு அடிப்பிடிக்கிறது தெரியல போல" என்று அப்பா கேலி செய்வார். மகாராணி பக்கத்தைப் புரட்டுவாள்.

வாசித்து முடித்ததும் கதையை எனக்குச் சொல்வாள். அம்மா சொன்ன கதைகளில் அந்தப் பெண்கள் வீட்டு வேலையை ஒருநாளும் போட்டுவிட்டுப் போகாதவர்கள். பனிமலை ஏறியவள் பிள்ளையை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் ஏறினாள். விமானம் ஓட்டியவள் விடிவதற்குள் ரொட்டி தட்டி வைத்துவிட்டுப் பறந்தாள். ராணியின் கதைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ராணியின் நாட்டில் ஓயாத மழை. போர் முடிந்து மாலையில் திரும்பும் வீரர்கள் தங்கள் வாள்களை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். தராசும் மந்திரியும் கூரைக்கு உள்ளே. வீரர்கள் வெளியே, கூரைத் தண்ணீர் தலையில் கொட்ட, வரிசையாக. ஒருநாள் ராணியே அந்த வரிசையில் வந்து நின்று, தன் முறை வந்ததும் மந்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த இடத்தில் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். "மந்திரியாரே, நீங்க கொஞ்சம் வெளிய வந்து நனைங்க. நாங்க கொஞ்ச நேரம் உள்ள நிக்கிறோம்."

வாளை ஏன் நிறுத்து வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கொழுந்து மடுவத்தில் அப்படித்தான் நடந்தது. தராசும் கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும் கூரைக்குக் கீழே நிற்பார்கள். கொழுந்துச் சாக்கைச் சுமந்த பெண்கள் வெளியே நிற்பார்கள். உள்ளே இடம் இல்லாமல் இல்லை. அது வழக்கம், அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பு அம்மா ஒருமுறை ஏன் என்று கேட்டுவிட்டாளாம். மறுநாளிலிருந்து அட்டை மொய்க்கும் மேல் மலைக்குத் தனியாக அனுப்பிவைத்தார்களாம். இதைச் சித்தி எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகு. அப்பா மட்டும் மழைக்காலம் வந்தால் அம்மாவிடம் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நாம் குடியிருக்கிற காம்பராவும் தோட்டத்துடையது, வாயைத் திறந்து அதையும் இழந்துவிடாதே என்பார். அம்மா இருமிக்கொண்டே தலையாட்டுவாள்.

ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தது. இரவல் அட்டையில் என் பெயருக்கு நேரே அத்தனை வீரப் பெண்களும் இருப்பதைக் கண்ட பொறுப்பாசிரியை உருகிப்போனார். எனக்குப் பிடித்த பெண் என்ற தலைப்பில் பேச என்னைத் தேர்ந்தெடுத்தார். அலங்காரச் சொற்களை அவரே எழுதித் தந்தார். கதை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரிந்துதானே இருந்தது.

பிரதம விருந்தினர் தோட்டத்துத் துரை. அவருக்குப் பக்கத்தில் அம்மாவின் அண்ணனான என் மாமா உட்கார்ந்திருந்தார். மாமா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். மகளிர் தினம்தோறும் பெண்ணின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஒரு மணி நேரமும் அத்தை கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

வாள்களைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள் என்று நான் மேடையில் சொன்னதும் ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மழை, கூரை, வரிசை என்று அடுக்கி, அம்மாவைப் போலவே குரலைத் தாழ்த்தி, ராணியின் வார்த்தையைச் சொன்னேன். முன்வரிசை கைதட்டிச் சிரித்தது. பின்னால் சுவரோரம் நின்ற கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரை, மாமாவின் பக்கம் சாய்ந்து சிங்களத்தில் என்னவென்று கேட்டார். மாமா எப்படி மொழிபெயர்த்தாரோ, துரை பெரிதாகத் தலையசைத்தார். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது.

அன்று மாலை அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த இடத்தை ஏன்டி சொன்ன?"

அதுதானே நல்ல இடம் என்றேன். அம்மா சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். காம்பராவைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று அவர் பல நாள் பயந்தார். அந்த நாட்களில் யார் கதவைத் தட்டினாலும் அம்மாதான் முதலில் எழுந்து போனாள்.

ஆனால் வந்தது தகரம். பேச்சைக் கேட்ட துரைக்கு மனம் இளகியதாகவும், தான் எடுத்துச் சொன்னதால் மடுவத்துக் கூரையை நீட்டித் தரச் சம்மதித்ததாகவும் மாமா தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமை மாலை திறப்பு விழா. ரிப்பன் கட்டியிருந்தார்கள். பாட்டுப் பாடப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். நானும் அதில் ஒருத்தி. மாமா மாலையும் கழுத்துமாக நின்று, பெண்கள் நாட்டின் கண்கள் என்று தொடங்கினார். கண்கள் இன்னும் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கவில்லை.

அவர்கள் சாக்குகளோடு வந்து சேர்வதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. துரை ரிப்பனை வெட்டிவிட்டுக் குடையில் வாகனத்துக்குப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லோரும் புதுக்கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். கணக்கப்பிள்ளை, கங்காணிமார், சங்கத்து ஆட்கள், ஆசிரியர்கள், பாட்டுக் குழு. தகரம் புத்தம் புதிது, மழை அதில் படபடவென்று விழுந்தது. பெண்கள் பழக்கத்தில் வெளியே வரிசையாக நின்றார்கள். கூரை நீண்டிருந்ததால் வரிசை இன்னும் சற்றுத் தள்ளி நின்றது. கணக்கப்பிள்ளை தராசைச் சரிபார்த்தார்.

முதலில் நின்றவள் அம்மா. இருமல் வந்தது. இருமி முடித்தாள். பிறகு தன் அண்ணனைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய வந்து நனைங்க. நாங்க கொஞ்ச நேரம் உள்ள நிக்கிறோம்."

மாமா முதலில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்குப் பின்னால் நின்றவள் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் வந்தாள். வரிசை மொத்தமும் ஈரத்தோடு கூரைக்குள் வந்துகொண்டே இருந்தது. இடம் போதாமல் முதலில் வெளியேறியது கங்காணிமார். கடைசியாக மாமா. அவருடைய மாலை நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அன்று பெண்கள் கூரைக்குள் நின்றே கொழுந்து நிறுத்தார்கள். அதன் பிறகு மழை நாட்களில் அதுவே வழக்கமாகிவிட்டது.

எனக்கு அம்மாவை நினைத்து ஒரே பெருமை. ராணியின் வசனத்தை இப்படி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாளே என்ற பெருமை. அது எங்கள் அம்மாவே யோசித்துச் சொன்னதில்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நியாயமாக எடுத்துச் சொன்னேன். காட்டு பார்ப்போம் என்றான் சித்தியின் மகன். காட்டுவதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை மீண்டும் இரவல் எடுத்து, முதல்முறையாக நானே வாசித்தேன்.

ராணி இருந்தாள், குதிரை இருந்தது, போர் இருந்தது. மடுவம் இல்லை. தராசு இல்லை. ராணியின் நாடு மழையே காணாத வறண்ட சீமை என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. முன்னும் பின்னும் புரட்டிவிட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மழையே இல்லையேம்மா இதுல."

அம்மா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுத மறந்திருப்பாங்க" என்றாள்.

எனக்கு அது சரியாகவே பட்டது. மறுநாள் பாடசாலையில், பரிசாக வந்த பென்சிலைத் தீட்டி, ராணி குதிரையிலிருந்து இறங்கும் பக்கத்தின் ஓரத்தில், அப்போது பெரிய மழை பெய்தது என்று அழகாக எழுதினேன். இடம் இருந்தவரைக்கும் மந்திரியையும் தராசையும் கூரையையும் எழுதினேன். அச்சடித்தவர்கள் விட்டுவிட்டதை நான் சேர்த்துவிட்டேன் என்ற நிம்மதியோடு புத்தகத்தை அலுமாரியில் திருப்பி வைத்தேன்.

அன்று அம்மா வீடு வர வெகுநேரமாயிற்று. திறப்பு விழாவுக்கு அடுத்த திங்களிலிருந்து அவளைத் தனியாக மேல் மலைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் நனைந்து வந்து, படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டு, காலில் ஒட்டியிருந்த அட்டைகளை அடுப்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ராணியின் கதையில் மழையைச் சேர்த்துவிட்டேன், இனி யாரும் தப்பாக வாசிக்க மாட்டார்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.