உசாமிக்கு வாகான பந்து

அடிக்க விடாமல் பந்து வீசுகிறவன் பெயர் பத்திரிகையில் வரும். அடிப்பதற்கு வாகாக வீசுகிறவன் பெயர் எங்கேயும் வராது. நெமோத்தோ கோஹெய் இரண்டாவது வகை ஆள். பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் பயிற்சியில், ஓரம் வெட்டிய ஒரு வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மட்டைக்காரர் எந்த இடத்தில் கேட்கிறாரோ அந்த இடத்தில், எந்த வேகத்தில் கேட்கிறாரோ அந்த வேகத்தில் பந்து போட வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவருக்குக் கீழே இடம் கிடையாது. மேலே கேலரியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் கனாசாவா அணியின் மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்கான உணவுக்கூடம் என்னுடைய பொறுப்பு. அறுபதைத் தாண்டிய என்னை இருபது வயதுப் பையன்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டி என்று கூப்பிட்டால் சோறு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். என் அடுப்புக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே மைதானம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் பார்த்த பேஸ்பாலை, விமர்சனம் எழுதிப் பிழைக்கும் பத்திரிகைக்காரர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நெமோத்தோவும் ஒரு காலத்தில் நிஜமான வீச்சாளராக வரவேண்டியவர்தான். வந்த மூன்றாம் வருஷம் தோள்பட்டை கழன்றது. அணி அனுப்பிவிட நினைத்தபோது, அந்த வருஷம் புதிதாக வந்திருந்த உசாமி என்ற இடதுகைப் பையன், "அவரு போடுற பந்த அடிச்சா எனக்குக் கை நல்லா வருது, அவர வெச்சுக்குங்க" என்று கேட்டான். அப்படி ஒட்டிக்கொண்டவர்தான். உசாமி எங்கள் ஊரின் செல்லப்பிள்ளை ஆனான், பிறகு நாடு முழுக்கத் தெரிந்த ஆள் ஆனான், 'அவன்' போய் 'அவர்' ஆனார். நெமோத்தோ வலைக்குப் பின்னாலேயே நின்றார். இடையில் அவருக்குக் கல்யாணம் ஆனது. வருஷத்தில் பாதி நாள் அணியோடு ஊர் சுற்றுகிற புருஷனுக்கு எதற்கு வீடு என்று அந்த அம்மா கிளம்பிப் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. சாப்பாடு என் மூலை மேஜையில், முதுகைக் காட்டிக்கொண்டு.

உசாமிக்கு நாற்பது தாண்டியது. அந்த வயதில் மட்டை பிடிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர் எப்படி நின்றார் என்று என்னைக் கேட்டால், விட்டு விட்டு நின்றார் என்பேன். முப்பதில் சிகரெட்டை விட்டார். அப்புறம் விஸ்கியை விட்டார். என் எண்ணெய்ப் பலகாரங்களை விட்டார், அதற்கு நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேர் வாங்கித் தந்த கனமான மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு இலேசான மட்டைக்கு வந்தார். ஒய்யாரமாகக் காலைத் தூக்கி அடிப்பார், ஊரே அதைப் பார்க்கத்தான் வரும், அதையும் விட்டார். ரசிகர்கள் திட்டினார்கள். "அழகு போனா போகட்டும் அக்கா, பந்துல பட்டாப் போதும்" என்றார். ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை. தினமும் பயிற்சிக்கு வந்ததும் வலைக்குப் பின்னால் நெமோத்தோவின் முகம் தெரிய வேண்டும். தொப்பியைக் கழற்றி, "அண்ணே, பாத்துப் போடுங்க" என்று குனிய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும்.

அந்த வருஷம் வசந்தத்தில் உசாமி சறுக்க ஆரம்பித்தார். பயிற்சியில் பந்தெல்லாம் வேலியைத் தாண்டிப் பறக்கும். ஆட்டத்தில் உடம்பை ஒட்டி உள்ளே வரும் வேகப்பந்துக்கு மட்டை நேரத்துக்கு வராது, மயிரிழை பிந்தும். மேனேஜர் அவரை உட்கார வைக்க ஆரம்பித்தார். ஜூன், ஜூலை மழைக்காலம் முடிவதற்குள் தேறாவிட்டால் இலையுதிர்காலத்தில் ஓய்வு அறிவிப்பு என்று பேச்சு அடிபட்டது. வயசாயிடுச்சு என்றார்கள் எல்லோரும். நானும்தான் நினைத்தேன்.

மே மாதத்தில் பயிற்சிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு கருவியை வைத்தார்கள். மட்டை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று பெரிய எழுத்தில் காட்டுமாம். நெமோத்தோ வீசினார். அதில் வந்த எண்ணைப் பார்த்து, கருவியைக் கொண்டுவந்தவன் தலையைச் சொறிந்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு போல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேகத்த காட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து இன்னொருவர் வீசினார், கருவி ஒழுங்காகக் காட்டியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நெமோத்தோ மட்டும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்று மதியம் அவர் சுட்ட கானாங்கெளுத்தியைத் தொடவே இல்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மீன் என்ன பண்ணுச்சு உங்கள?"

"அக்கா, உசாமிக்கு வயசாகல. எனக்குத்தான் வயசாயிருக்கு."

"ரெண்டு பேருக்கும்தான். அதுக்கு?"

"என் கை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா தளந்திருக்கு. அவன் கையும் அதுக்குத் தக்கன தளந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே வண்டியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து போயிருக்கோம், வண்டி மெதுவானது ரெண்டு பேருக்கும் தெரியல. அவன் நல்லா அடிக்கணும், அவன் மனசு சந்தோஷப்படணும்னு பாத்துப் பாத்துப் போட்டேன். செல்லம் குடுத்தே கெடுத்துட்டேன் அக்கா."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனுஷன் இதைப் போய் உசாமியிடம் சொன்னால் என்ன ஆகும்? அவருக்கு வேறு ஆள் போடுவார்கள். உசாமியின் ஆள் என்பதைத் தவிர இவருக்கு மைதானத்தில் வேறு என்ன பெயர் இருக்கிறது?

"வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்க. அவரு என்ன சின்னப் பிள்ளையா? இந்த வருஷத்தோட அவரு ஓய்வு எடுக்கட்டும். பூமாலையெல்லாம் போட்டு அனுப்புவாங்க. நீங்களும் கௌரவமா கூடவே போலாம்."

அவர் எழுந்தார். மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் அவர் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். தினமும் வீசினார், உசாமி தினமும் பிரமாதமாக அடித்தார், ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வேகமாக வீசிப் பார்க்கலாம் என்று நெமோத்தோ ஒருநாள் முயன்றார். தோளைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் ஐஸ் கேட்டார்.

ஜூனில் ஒரு நாள் மழை. பயிற்சி பாதியில் நின்று, எல்லோரும் கலைந்த பிறகு உசாமி உதோன் நூடுல்ஸ் சாப்பிட வந்தார். நெமோத்தோ தன் மூலையிலிருந்து எழுந்துபோய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினேன்.

"உசாமி, உன் மட்டை பிந்துறதுக்கு நாந்தான் காரணம். என் பந்துக்கு உன் உடம்பு பழகிப்போச்சு. நாளையிலேருந்து வேற ஆள வெச்சுக்க."

உசாமி குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"தெரியும்ணே."

"எப்பலேருந்து?"

"பிப்ரவரி பயிற்சிக் கேம்ப்லேருந்து."

நெமோத்தோவின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "தெரிஞ்சுமா? நாலு மாசமா தெரிஞ்சுக்கிட்டா என்கிட்ட வந்து தொப்பியக் கழட்டி நின்ன? பெஞ்சுல உக்கார வெச்சாங்களே, அப்பக்கூட உனக்கு வாய் வரலியா?"

"எந்த வாயால சொல்றது? எனக்காக நின்னவருகிட்ட, நீங்க வேணாம்னு எப்படிண்ணே சொல்ல முடியும்? அதுக்கு நான் ஓய்வே எடுத்துக்கலாம்னு..."

"முட்டாப் பயலே! அழகா கால் தூக்கி அடிச்சத விட்டியே, ஊரு திட்டுச்சே, பயந்தியா? என் மூஞ்சிக்கா உன் கையக் கெடுத்துக்கிட்ட?"

உசாமி எழுந்து நின்று, தலை மேஜையில் முட்டுகிற மாதிரி குனிந்தார். மன்னிச்சிருங்க என்றார். நெமோத்தோவும் எழுந்து குனிந்தார், நாந்தான் மன்னிப்புக் கேக்கணும் என்றார். அவர் நிமிர்ந்தால் இவர் குனிகிறார், இவர் நிமிர்ந்தால் அவர் குனிகிறார். எங்கள் ஜப்பான்காரர்களுக்கு இது ஒரு வியாதி. நாலு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிப்ரவரியிலேயே தீர்ந்திருக்கும். உதோன் ஊறிக் கூழாகிவிட்டது.

மறுநாள் முதல் உசாமிக்கு வேறொருவன் வீசினான். வேகம் உண்டு, நிதானம் கிடையாது. முதல் வாரத்தில் உசாமியின் முழங்கையிலும் விலாவிலும் கன்றிப்போன தடிப்புகள். அவர் முகம் சுளிக்கவில்லை. ஜூலையில் ஒரு ஆட்டத்தில் உள்ளே வந்த வேகப்பந்தை நேரத்துக்குச் சந்தித்து வலப்பக்க வேலிக்கு மேலே அனுப்பினார். மைதானமே எழுந்து நின்றது. ஜன்னல் வழியாகக் கேலரியின் கடைசி வரிசையைத் தேடினேன். நெமோத்தோ ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார், கைகள் மடியில் இருந்தன.

நெமோத்தோவை இளைஞர்களுக்கு வீச விட்டார்கள். அங்கேதான் விதி விளையாடியது. யாருக்கு வீசினாலும் பந்து உசாமியின் இடத்துக்கே போனது. உசாமியின் தொடைக்குப் பக்கத்தில், அவருக்குப் பிடித்த உயரத்தில். வலதுகைக்காரர்களுக்கு அது எட்டாத தூரம்.

"அண்ணே, கொஞ்சம் என் பக்கமா போடக்கூடாதா?" என்று ஒருவன் கேட்டான்.

"போடுறேன் தம்பி, போடுறேன்" என்றார் இவர். அடுத்த பந்தும் அங்கேதான் போனது. மாற்றிப் போட முயன்றபோது பந்து தரையில் குத்தியது, இல்லையென்றால் கூண்டின் மேல் ஏறியது. உசாமி நாற்பதைத் தாண்டியும் தன்னை உடைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். இவரால் முடியவில்லை. இவர் கையில் வேறு யாருக்கும் இடமில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காமல், பயிற்சி நேரத்தில் ஜன்னலை அடைத்து வைத்தேன்.

செப்டம்பரில் அலுவலகம் கூப்பிட்டு, அடுத்த வருஷம் வேண்டாம் என்றது. டிக்கெட் கவுண்டரில் வேலை தருவதாகச் சொன்னார்களாம், மறுத்துவிட்டார். வடக்கே நோத்தோ கடற்கரையில் ஒரு மீன் கிடங்கில் வேலை பேசி வைத்திருப்பதாக என்னிடம் சொன்னார்.

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"இங்க யாரு இருந்தா அக்கா?"

நான் ஒருத்தி சோறு போட்டேனே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நானும் அதே வியாதிக்காரிதானே, சொல்லவில்லை.

பருவத்தின் கடைசிப் பயிற்சி நாளில் நெமோத்தோ பந்துக் கூடையை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார். உசாமி மட்டையோடு அவர் முன்னால் போய் நின்று தொப்பியைக் கழற்றினார். "அண்ணே, கொஞ்சம் போடுங்களேன்." அவருக்கு அடுத்த வருஷத்துக்கும் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. மைதானத்தில் மற்றவர்கள் தாங்களாகவே விலகி நின்றார்கள். நான் ஜன்னலைத் திறந்தேன்.

நெமோத்தோ வீசினார். பந்து மாறாமல் அதே இடத்துக்கு, அதே உயரத்தில் மிதந்து போனது. வேகப்பந்துக்குப் பழகிவிட்ட உசாமியின் மட்டை முன்கூட்டியே சுழன்றுவிட்டது. பந்து கோட்டுக்கு வெளியே வலப்பக்கம் போய் விழுந்தது, கணக்கில் சேராத அடி. இரண்டாவதும் வெளியே. மூன்றாவதும். உசாமியின் காது சிவந்தது. அடுத்த பந்துக்கு அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, நடுமைதானத்துக்கு அழகாக அடித்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நெமோத்தோ வலையை விட்டு வெளியே வந்தார்.

"காத்திருந்து அடிக்காத! என் நேரத்துக்கு அடிக்காத! உன் நேரத்துக்கு அடி!"

இருபது வருஷத்தில் அவர் குரல் அந்த மைதானத்தில் ஓங்கிக் கேட்டது அப்போதுதான். உசாமி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார். அதற்குப் பிறகு ஒன்றுகூட உள்ளே விழவில்லை. எல்லாம் சீக்கிரம், எல்லாம் கோட்டுக்கு வெளியே. கடைசிப் பந்து போய்ச் சேர்வதற்கு முன்பே மட்டை சுழன்று முடிந்து, பந்து தொடப்படாமல் பின்வலையில் போய் விழுந்தது.

நெமோத்தோ சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைக்கவில்லை.

"நல்லா இருக்க. இனிமே என் பந்து உனக்கு ஆகாது" என்றார்.