பங்குக்குப் பதினெட்டு

பங்குத் தரகு நிறுவனத்தில் அவளுக்கு 'ஆனாலும் அக்கா' என்று பெயர். இருபத்தாறு வருஷமாக வங்கிப் பங்குகளை எடைபோட்டு அறிக்கை எழுதுகிறவள். எந்த வங்கியைப் புகழ்ந்தாலும் மூன்றாவது பத்தியில் ஒரு 'ஆனாலும்' வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் வைத்தவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் எல்லோர் வாயிலும் ஒரே வங்கிதான். தெருவுக்கு ஒரு கிளை. இரண்டே வருஷத்தில் லாபம் இருநூறு கோடியிலிருந்து இருநூற்றெழுபது கோடி. பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடின. அவள் ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறவள். பங்குகளின் எண்ணிக்கை பத்துக் கோடியிலிருந்து பதினைந்து கோடி ஆகியிருந்தது அங்கேதான் கண்ணில் பட்டது. வகுத்துப் பார்த்தாள். பங்குக்கு இருபது ரூபாய் லாபம் கிடைத்த இடத்தில் இப்போது பதினெட்டு. பங்குதாரர்களின் பணத்தில் நூறுக்கு இருபது சம்பாதித்த வங்கி இப்போது பதிமூன்றுதான் சம்பாதித்தது. சொந்த லாபம் தாங்காத வேகத்தில் கடன் கொடுத்துவிட்டு, ஈடுகட்டப் புதுப் பங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இதோ, மூன்றாவது முறையாக விற்கப்போகிறார்கள்.

புதுப் பணம் பலன் தரக் கொஞ்ச நாளாகும் என்ற நியாயத்தையும் எழுதினாள். கடைசியில், 'இந்த விலைக்கு வேண்டாம்' என்று முடித்து, திங்கட்கிழமை மேலாளரிடம் கொடுத்தாள்.

அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"லாபம் முப்பத்தஞ்சு சதவீதம் ஏறியிருக்கு மேடம்."

"வங்கிக்கு ஏறியிருக்கு சார். பங்கு வச்சிருக்கறவருக்கு இறங்கியிருக்கு. சமையல் கூடுச்சு, பந்தியில உக்காந்தவங்க அதைவிடக் கூடிட்டாங்க."

"ஊரே ஓடும்போது நாம குறுக்க நிக்கணுமா?"

"ஓரமாத்தான் சார் நிக்கறேன்."

சிரித்தார். அறிக்கை மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் அண்ணன் போனில் கூப்பிட்டார். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து வருஷத்துக்கு முன் இதே வங்கியை நல்ல வங்கி என்று அவள் எழுதியதைப் படித்துப் பங்கு வாங்கினார், இரட்டிப்பானது. அன்றிலிருந்து பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் பங்குச் சந்தைப் பாடம் எடுக்கிறார்.

"புதுப் பங்கு விக்கறாங்களாமே. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வாங்கட்டுமா?"

அறிக்கை வெளியாகும்வரை அதில் இருப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது. அது சட்டம்.

"அந்த பேங்க் பத்தி இப்ப நான் எதுவும் பேசக்கூடாதுண்ணா."

"நான் என்ன மூணாம் மனுஷனா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அந்த ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. கோவிச்சுக்காதீங்க."

"சரி சரி, பெரிய உத்தியோகம்," என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை இரண்டு தடவை மேலாளர் அறைக்குப் போனாள். இரண்டாவது தடவை அவர் மறைக்கவில்லை. "வெள்ளி முடியட்டும் மேடம். அந்தப் புதுப் பங்கை வித்துக் குடுக்கறதுல நம்ம கம்பெனிக்கும் கமிஷன் இருக்கு. செவ்வாய்க்கிழமை வரும், ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

முப்பது வயதில் என்றால் கத்தியிருப்பாள். ஐம்பத்திரண்டில் கத்தவும் தெம்பு வேண்டியிருந்தது. இருக்கைக்கு வந்து, திறந்திருந்த கணக்குத்தாளில் அந்தப் பதினெட்டை மறுபடி வகுத்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை வந்தது. சொன்னபடி ஓர் எழுத்தும் மாறவில்லை. சாயங்காலமே அண்ணன் அவள் வீட்டு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"நீ வேண்டாம்னு சொல்லலியே. அதனால சரின்னு எடுத்துக்கிட்டேன். ஓய்வுப் பணத்துல மூணுல ஒரு பங்கு போட்டுட்டேன்."

"சொல்ல முடியாதுண்ணா. சொல்ல முடிஞ்சா சொல்லாம இருப்பேனா?"

"தெரியாம சொல்லாட்டிப் பரவாயில்ல. தெரிஞ்சே சொல்லலியே."

படியிறங்கிப் போய்விட்டார். ஏழு மாதம் பேசவில்லை அவர்.

வங்கி மூழ்கவில்லை, பறக்கவும் இல்லை. ஒன்றரை வருஷமாக அவர் வாங்கிய விலையையே சுற்றிச் சுற்றி வந்தது. இடையில் அண்ணிதான் இருவரையும் மெல்ல ஒட்டவைத்தாள். அண்ணிக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரி நடைவழியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பவாவது பேசலாமா, அதுக்கும் சட்டம் இருக்கா?" என்றார் அவர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"பேசலாம். போன மாசமே புது அறிக்கை எழுதி வெளியாயிடுச்சு. பங்குக்குப் பத்தொன்பது வருது. மறுபடி புதுசா விக்காம இருந்தா, மெதுவா ஏறும். அவசரப்பட்டு விக்காதீங்க."

"அதைக் கேக்கல. என்கிட்ட சொல்ல முடியாம போன அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கறேன்."

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "தூங்கலண்ணா. நாலு நாள்."

அவர் தலையசைத்தார். நர்ஸ் கதவைத் திறந்து அண்ணியோடு வந்தவர்கள் யார் என்று கேட்க, இருவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக எழுந்தார்கள்.