எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ‘ஐயோ’ என்ற சொல் காதில் விழாத பொழுதே கிடையாது. உலை பொங்கி அடுப்பை அணைத்தாலும் ஐயோ, காலில் அட்டை ஏறினாலும் ஐயோ. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கைக்குழந்தையைக் கொஞ்சும்போதுகூட “ஐயோ என் ராசா” என்றுதான் கொஞ்சுவாள். சிரிப்பை அடக்க முடியாமல் போனாலும் அவளுக்கு அதே சொல்தான். யாராவது செத்துப்போனால் மட்டும் அது நீண்டு, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போகும்.

எங்கள் காம்பராவுக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போனவர்கள். “என் தம்பிக்குப் புள்ள தங்கலியே, வந்தவ பாத்த பார்வை அப்படி” என்று அத்தை அம்மாவின் காதுபடவே சொல்வாள்.  அம்மா என்னைத்தான் கூப்பிட்டு எச்சரிப்பாள்.

“அது எமன் பொண்டாட்டி பேருடி. கூப்புட்டா வாசல்ல வந்து நிக்கும். நீ வாயத் தொறந்து சொல்லக்கூடாது.”

சூடுபட்டாலும் விழுந்து முட்டி உடைந்தாலும் நான் ‘முருகா’ என்பேன். ஏழு வயதுக்குள் அது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அப்புத்தளை மலையே மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. அப்பாவுக்கும் இன்னொருவருக்கும், புதுப் பாதைக்காக மேட்டைச் செதுக்கும் வேலை. ஒரு நாள் மழை சற்றே விட்டிருந்த மத்தியானம், நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். கூட வேலை செய்தவர் மழுங்கிப்போன கடப்பாரையைத் தீட்டிவரத் தோட்டத்து ஸ்டோருக்குப் போயிருந்தார். அப்பா மட்டும் மேட்டின் அடியில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்து, மண்வெட்டியைச் சாத்தி வைத்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேடு மெதுவாக உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நின்ற இடத்தில் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து வேரோடு ஒரு தேயிலைச் செடி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினேன். சொன்னால் அது வந்துவிடும். சொல்லாமல் இருந்தால் அப்பா எழுந்துவிடுவார்.

பாதையில் இரண்டு பேர் வந்தார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள். தோளில் தடி போட்டு, இருபுறமும் வாழைக்குலை தொங்க டவுனுக்குப் போகிறவர்கள். நான் ஓடி, மூத்தவரின் இடுப்புச் சாரத்தைப் பிடித்தேன்.

“எங்க அப்பா மண்ணுக்குள்ள இருக்காரு.”

அம்மா பழக்கியிருந்தபடி அந்தச் சொல் இல்லாமல் மெல்லத்தான் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. “மொகத துவே?” என்றார். என்ன மகளே என்று கேட்டார் என்பதுகூட எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் திரும்பவும் அதையே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குலையிலிருந்து இரண்டு பழம் பிய்த்து என் கையில் வைத்து, தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மண் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மலையேறி அம்மாவிடம் ஓடினேன். அவள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா மேல மண்ணு விழுந்திருச்சு.”

“விழுந்தா ஒதறிக்கிட்டு வருவாரு. சோத்தக் குடுத்தியா?”

“இல்லம்மா. அப்பாவக் காணோம். மண்ணு மட்டுந்தான் இருக்கு.”

அம்மாவின் தலையிலிருந்து கூடை கயிற்றோடு நழுவியது. பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. “ஐயோ! ஐயையோ!” மலை முழுக்க அதுவே கேட்டது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். யாரும் என்ன ஏதென்று கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே, அந்தக் கூக்குரல் கேட்டுச் சிங்களவர்கள் இருவரும் திரும்பி ஓடிவந்து, கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வாழைக்குலைகள் பாதையில் உருண்டு கிடந்தன. ஆண்கள் மண்வெட்டியோடு வந்து அப்பாவை எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

மூத்தவர் என்னைப் பார்த்தார். “ஐயோ, ஐயோ” என்று தலையில் அடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இவருக்கு எங்கள் பேச்சு தெரியுமா, தெரிந்தும் ஏன் முன்பு விளங்காதவர் போல நடந்தார் என்று நான் வியந்தேன். அந்தச் சொல் சிங்களத்திலும் உண்டென்று பிறகுதான் தெரிந்தது. அவர் அழுதுகொண்டே என்னைக் காட்டி ஏதோ சொன்னார். சிங்களம் தெரிந்த கங்காணி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இந்தப் புள்ள முன்னாடியே இவங்ககிட்ட வந்து நின்னுச்சாமே?”

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்லீங்க,” என்றாள் அம்மா. “அது வேற புள்ளையா இருக்கும். இவ காலையிலேருந்து என்கூடத்தான் நின்னா.”

அம்மாவுக்கு அதிர்ச்சியில் மறந்துபோயிற்று என்று நினைத்தேன். அவளுக்கு உதவ வேண்டும் போலிருந்தது.

“இல்லம்மா, நான் அப்பாகிட்ட…”

என் வாய்மேல் ஓர் அறை விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. அடித்த கையாலேயே என்னை இழுத்து, அத்தையின் பார்வைக்கு மறைவாக முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. அவள் விடவில்லை. கங்காணி வேறு எதுவும் கேட்காமல் விலகிப் போனார்.

அதன்பின் அம்மா இருபத்தெட்டு வருஷம் இருந்தாள். அன்று நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஒரு நாளும் அவள் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்குத்தான் அந்த அடி என்று எண்ணி, நான் வெகுகாலம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.